காமிராவுக்கு வாங்கும் முதல் லென்ஸ்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் காமிரா என்பது பொழுதுபோக்குக் கருவி மாத்திரம் அன்று. குழந்தைகள் வளர்ந்திருப்பதை ஊரிலுள்ள பெரியோர்களுக்குக் காட்டுவது அது. பெரியோர்கள் தளர்ந்திருப்பதை ஊரை விட்டு வந்த நமக்கு உணர்த்துவதும் அதுவே. இந்நாளில் கைபேசியே நல்ல படம் எடுக்கின்றது. எனினும், ஆண்டுக்கொரு முறை ஊர் சென்று வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் ஒருங்கே காணும்போதும், கோயில் மண்டபத்திலோ தமிழ்ச் சங்க மேடையிலோ நம் பிள்ளைகள் ஆடிப் பாடும்போதும், மங்கிய வெளிச்சத்தில் கைபேசி தடுமாறுவதைக் கண்டு, 'ஒரு நல்ல காமிரா வாங்கினால் என்ன?' என்று எண்ணும் குடும்பங்கள் பல.

காமிராவை வாங்கிய பின்னர்தான் உண்மையான செலவு தொடங்குகின்றது. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஜிட்டல் காமிராவில் உடல் வேறு, கண் வேறு. உடலை விற்ற கடைக்காரர் அடுத்தபடியாக, 'எந்த லென்ஸ் வேண்டும்?' என்று கேட்கின்றார். இக்கேள்விக்குத் தக்க விடை தெரியாமல் பணத்தை வீணாக்கியவர்களுள் நாங்களும் அடங்குவோம். மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகையும், பள்ளிக் கட்டணமும், ஊருக்கு அனுப்பும் தொகையும் போக மிஞ்சுவதைக் கொண்டு இத்தகைய பொருளை வாங்குவோர்க்கு எங்கள் அனுபவம் சிறிது பயன்படக்கூடும் என்பதே இவ்வுரையின் நோக்கம்.

நாங்கள் ஒளியியல் பயின்றவர்கள் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, டில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் பல ஆண்டுகளாக இருந்து வருகின்றோம். விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றுவதே எங்கள் தொழில். காமிராக் கடையில் வழங்கும் சொற்களையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தபோது விஷயம் எளிதாயிற்று. அறிய வேண்டிய சொற்கள் மூன்றே.

முதலாவது, குவியத் தூரம். லென்ஸின் மீது 18, 50, 200 என்று மில்லிமீட்டரில் பொறித்திருப்பது இதுதான். இதன் பயனை அறியச் சாளரம் ஒன்றை எண்ணிக் கொள்ளுங்கள். சாளரத்தை ஒட்டி நின்று வெளியே பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். அறைக்குள் பின்னோக்கி நகர நகர, எதிர்வீட்டு வாயில் மட்டுமே தெரியும். 18 மி.மீ. லென்ஸ் சாளரத்தை ஒட்டி நிற்பவனின் பார்வை. 200 மி.மீ. லென்ஸ் அறையின் கடைக்கோடியில் நிற்பவனின் பார்வை. ஆனால் தெரியும் சிறு பகுதியை அது பெரிதாக்கிக் காட்டும்.

இரண்டாவது, சென்சார் எனப்படும் ஒளியுணர் தகட்டின் அளவு. பழைய படச்சுருளின் சட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் உடையது. அதே அளவுள்ள தகடு பொருந்திய காமிராவை 'ஃபுல் ஃபிரேம்' என்கின்றனர், விலை அதிகம். முதன்முதலாக வாங்குவோர் பெரும்பாலும் வாங்குவது 'ஏ.பி.எஸ்.-சி' என்னும் சிறிய தகடு கொண்டது. தகடு சிறுத்தால் சாளரமும் சிறுத்து விடுகின்றது. நிக்கான், சோனி, ஃபூஜிஃபில்ம் ஆகியவற்றின் சிறுதகட்டுக் காமிராக்களில் குவியத் தூரத்தை 1.5 ஆலும், கேனனில் 1.6 ஆலும் பெருக்கிக் கொள்ள வேண்டும். ஆகவே, ஃபுல் ஃபிரேமில் இயல்பான பார்வை தரும் 50 மி.மீ. லென்ஸ், சிறுதகட்டுக் காமிராவில் 75 அல்லது 80 மி.மீ. லென்ஸைப் போன்று குறுகிய பார்வையே தரும். இவ்வொரு கணக்கை அறியாமையால் நேர்ந்த இழப்பைப் பின்னர்க் கூறுவோம்.

மூன்றாவது, ஒளி புகும் துவாரம். எஃப் 1.8, எஃப் 5.6 என்று குறிப்பது இதனை. எண் சிறுத்தால் துவாரம் பெருகும். குவியத் தூரத்தை இவ்வெண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; நம் பத்து ரூபாய் நாணயத்தின் அளவு. எஃப் 5.6 என்றால் ஏறத்தாழ 9 மி.மீ.; ஒரு கொண்டைக்கடலையின் அளவு. பரப்பைக் கணக்கிட்டால் முன்னதன் வழியே புகும் ஒளி பின்னதைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகம். மங்கிய அறையில் கடலையளவுத் துவாரம் உள்ள லென்ஸ் ஒரு விநாடியின் ஆறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டுமாயின், நாணயமளவுத் துவாரத்துக்கு அறுபதில் ஒரு பங்கு நேரமே ஏறத்தாழப் போதும். முன்னதில் குழந்தையின் கை கலங்கும். பின்னதில் கை கையாகவே பதியும்.

இனிக் கடைக்கு வருவோம். புதிய காமிராவுடன் பெரும்பாலும் 18 முதல் 55 மி.மீ. வரை நீட்டிச் சுருக்கக்கூடிய ஜூம் லென்ஸ் ஒன்றைச் சேர்த்தே கொடுக்கின்றனர். அதனைக் 'கிட் லென்ஸ்' என்பர். அதன் துவாரம் விரிந்த பார்வையில் எஃப் 3.5; குறுகிய பார்வையில் எஃப் 5.6. புதிய காமிராக்கள் சிலவற்றில் எஃப் 6.3 வரையிலும் சுருங்குகின்றது. பகலில் திறந்த வெளியில் இதற்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் படக்கலை ஆர்வலர் சிலர் இதனை இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டு, வாங்கிய மறுநாளே வேறு லென்ஸ் தேடிச் செல்வோர் உண்டு. நாங்களும் அவ்வாறே செய்தோம்.

2018 ஆம் ஆண்டு நாங்கள் சிறுதகட்டுக் காமிரா ஒன்றை வாங்கினோம். கடைக்காரர் எங்கள் ஆவலை அறிந்து 70 முதல் 300 மி.மீ. வரை செல்லும் தொலை ஜூம் ஒன்றையும் தலையில் கட்டினார். தாஜ்மகாலின் கலசத்தை இரண்டு முறை படம் பிடித்ததோடு அதன் வேலை முடிந்தது. பின்னர் அலுவலக நண்பர்கள், 'எவரும் முதலில் வாங்க வேண்டியது 50 மி.மீ., எஃப் 1.8' என்றனர். அதுவும் உண்மையான அறிவுரையே. ஆனால் ஃபுல் ஃபிரேம் காலத்து அறிவுரை. அதனையும் வாங்கினோம். வீட்டில் பெண் குழந்தையின் முகம் அதில் அழகாகப் பதிந்தது கண்டு மகிழ்ந்தோம்.

2019 ஆம் ஆண்டு கோடையில் கும்பகோணத்துக்கு அருகில் உள்ள எங்கள் பூர்விக வீட்டை விற்க நேர்ந்தது. சகோதரர்கள் எல்லோரும் வெளியூர்களில். தாயார் ஒருவரே அவ்வளவு பெரிய வீட்டில். கிரயம் முடிந்து, சாவியைக் கொடுக்க மூன்று நாட்களே இருந்தன. மூன்று லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு சென்றோம்.

தஞ்சைப் பகுதியின் பழைய வீட்டமைப்பை அறிந்தவர்களுக்கு ரேழி, கூடம், முற்றம் ஆகியவற்றோடு 'காமரா உள்' என்னும் அறையும் நினைவிருக்கும். போர்ச்சுகீசியர் தந்த சொல் அது. அறை என்பது பொருள். நாம் கையில் வைத்திருக்கும் காமிராவின் பெயரும் அதே லத்தீன் மூலத்திலிருந்து பிறந்ததுதான். இருட்டறை என்பது அதன் பழைய பெயர். எங்கள் வீட்டின் காமரா உள்ளும் இருட்டறையே. எட்டடி அகலம், ஒரே ஒரு சிறு சாளரம். ஒரு மரப்பெட்டி, சுவரில் ஒரு மாடக்குழி, கொடியில் புடைவைகள். தாயார் மணமாகி வந்த நாள் முதல் அவ்வறையே அவர்களுடைய அறை.

50 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, முதுகு சுவரில் உராயப் பின்வாங்கி நின்றோம். தாயாரின் தலை முதல் இடுப்பு வரையே சட்டத்தில் அடங்கியது. பெட்டியை அடக்கினால் மாடக்குழி விடுபட்டது. மாடக்குழியை அடக்கினால் கொடி விடுபட்டது. தொலை ஜூமைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. கடைசியில், நாங்கள் இளக்காரமாக ஒதுக்கிய கிட் லென்ஸை எடுத்து 18 மி.மீ.க்கு வைத்தபோது அறை முழுவதும் வந்து சேர்ந்தது. ஆனால் வெளிச்சம் போதவில்லை. மரக்காலைக் கவிழ்த்துச் சாளரப் படியில் வைத்து, அதன்மீது காமிராவை நிறுத்தி, ஒரு விநாடி நேரம் திறந்திருக்குமாறு அமைத்தோம். "அம்மா, கொஞ்சம் அசையாமல் இரு" என்றோம். "அசையாமல் கிடக்கிற நாள் வராமலா போகும்? இப்போது வேலை இருக்கிறதப்பா" என்று கூறிக்கொண்டே அவர்கள் புடைவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் பெட்டி தெளிவாக இருக்கின்றது. மாடக்குழியும் கொடியும் தெளிவாக இருக்கின்றன. தாயார் மட்டும் வெண்புகை போலக் கலங்கியிருக்கின்றார்கள். அன்று மாலை விளக்கேற்றியபோது 50 மி.மீ. லென்ஸில் எடுத்த மற்றொரு படத்தில் முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவு. பின்னால் இருப்பது எந்த வீடு என்றே தெரியாது. பிற்பாடு டில்லியில் எங்களுடன் வந்து வாழ்ந்த தாயார், இரண்டையும் பெரிதாக்கிக் காட்டியபோது கலங்கிய படத்தையே தம் கட்டிலருகே மாட்டச் சொன்னார்கள். "முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த உள்ளை எங்கே போய்ப் பார்ப்பது?" என்றார்கள். 2021 இல் அவர்கள் மறைந்தார்கள். இப்பொழுது எங்களுக்கு வேண்டியிருப்பதோ முகமும் உள்ளும் சேர்ந்த ஒரு படம். அது எங்களிடம் இல்லை. விரிந்த பார்வையும் அகன்ற துவாரமும் உடைய ஒரு லென்ஸ், தொலை ஜூமுக்குக் கொடுத்த தொகையில் அன்றே வாங்கியிருக்கக் கூடியது, அதனைத் தந்திருக்கும்.

இவ்வனுபவத்திலிருந்து நாங்கள் கற்ற முறையைக் கூறுகின்றோம். காமிரா வாங்கியவுடன் மூன்று மாதம் வரை வேறு லென்ஸ் எதுவும் வாங்காதீர்கள். கிட் லென்ஸைக் கொண்டே வீட்டிலும் வெளியிலும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் காமிராவே குறித்து வைக்கின்றது. மூன்று மாதம் சென்றபின் உங்களுக்குப் பிடித்த படங்களில் ஐம்பதைப் பொறுக்கி, இவ்வெண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பெரும்பாலானவை 18க்கும் 28க்கும் இடையே இருந்தால் உங்கள் உள்ளம் அறைகளையும் கூட்டத்தையும் நாடுகின்றது. 35ஐச் சுற்றி இருந்தால் அன்றாட வாழ்வை நாடுகின்றது. 55ஐ முட்டி நின்றால் முகங்களை நாடுகின்றது. நண்பர் கூறுவதைவிட இத்தாள் கூறுவது உங்களுக்குப் பொருந்தும்.

பிறகு, அவ்வெண்ணுக்கு அருகில் உள்ள ஒரே ஒரு 'பிரைம்' லென்ஸை வாங்குங்கள். நீட்டிச் சுருக்க இயலாத, ஒரே குவியத் தூரம் உடைய லென்ஸுக்கு இப்பெயர். ஜூம் வசதியைத் துறப்பதால், குறைந்த விலையிலேயே அகன்ற துவாரம் கிடைக்கின்றது. சிறுதகட்டுக் காமிரா உடையவர்களுக்கு நாங்கள் கூறக்கூடிய வழி இது: அறையும் குடும்பமும் என்றால் 24 மி.மீ.; எல்லாவற்றுக்கும் ஒன்று என்றால் 35 மி.மீ.; முகமும் நாட்டிய மேடையும் என்றால் 50 மி.மீ. ஃபுல் ஃபிரேம் உடையவர்கள் முறையே 35, 50, 85 என்று கொள்ளலாம்.

சந்தையில் உள்ள உதாரணங்கள் சிலவற்றைக் கூறுவோம். நிக்கானின் பழைய வகைச் சிறுதகட்டுக் காமிராவுக்கு 2009 இல் வந்த 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் இன்றும் பழைய பொருளாக எளிதில் கிடைப்பது. கண்ணாடி மடக்கு இல்லாத புதிய வகைக்கு 2023 இல் 24 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ் வந்தது. கேனனில் 2014 இல் வந்த 24 மி.மீ., எஃப் 2.8 லென்ஸும், 2015 இல் வந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸும் பழைய வகைக்கு உரியன. புதிய வகைக்கு 2020 இல் வந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸும், 2023 இல் வந்த 28 மி.மீ., எஃப் 2.8 லென்ஸும் உள்ளன. ஃபூஜிஃபில்ம் உடையவர்கள் 2020 இல் வந்த 35 மி.மீ., எஃப் 2 லென்ஸைப் பார்க்கலாம்.

ஒரே லென்ஸ் போதுமா என்று ஐயுற வேண்டாம். டில்லியில் நாடு விடுதலை பெற்ற காலத்து நிகழ்ச்சிகளைப் படம் பிடித்தவரும், 2011 இல் பத்ம விபூஷண் விருது பெற்றவருமான ஹோமாய் வியாரவாலா அம்மையார் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் காமிராவில் லென்ஸை மாற்றவே இயலாது. காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை 1948 இல் படம் எடுத்த பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன் தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே கையாண்டார். லென்ஸ் நகராவிட்டால் என்ன, நம் கால்கள் நகருமன்றோ? எட்டடி அறையில் மட்டுமே அவை நகர மறுக்கும். அதனால்தான் எண்ணைத் தேர்ந்து வாங்குக என்கின்றோம்.

தொலை ஜூம் எப்பொழுது வேண்டும்? குளிர்காலத்தில் பரத்பூருக்கோ ஓக்லாவுக்கோ சென்று பறவைகளைப் பார்க்கும் வழக்கம் உடையவர்களுக்கு அது இன்றியமையாதது. வெயிலில் அதன் சிறு துவாரம் ஒரு குறை ஆகாது. ஆனால் மகளின் அரங்கேற்றத்துக்கென்று அதனை வாங்காதீர்கள். கையின் நடுக்கத்தைச் சமன் செய்யும் கருவி உள்ளே இருக்கின்றது என்று கடைக்காரர் கூறுவார். அது உண்மையே. ஆனால் அது நம் கையின் அசைவைத்தான் தடுக்கும். ஆடுபவரின் அசைவைத் தடுக்காது. முன் வரிசையில் அமர்ந்து 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸில் எடுப்பதே மேல். ஒரு நாள் திருமணத்துக்கு மட்டும் வேறு லென்ஸ் தேவையெனில், பெருநகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றது.

அகன்ற துவாரத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. துவாரம் அகன்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். குடும்பத்தை இரு வரிசையாக நிறுத்தி எஃப் 1.8 இல் எடுத்தால் முன் வரிசையில் தாத்தா தெளிவாகவும், பின் வரிசையில் மாப்பிள்ளை மங்கலாகவும் பதிந்து, வேண்டாத மனத்தாங்கலுக்கு இடமாகும். அத்தகைய படத்துக்கு எஃப் 5.6 வரை சுருக்கி, எல்லோரையும் வெளிச்சத்துக்கு அழைத்து வருவதே நலம்.

இனி, ஏமாறாமல் வாங்கும் வழி. டில்லியில் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பையில் போரா பஜார், கொல்கத்தாவில் மெட்ரோ கலி ஆகியவை காமிராக் கடைகள் மலிந்த இடங்கள். அங்கே செல்லும்போது உங்கள் காமிராவை உடன் கொண்டு செல்லுங்கள். லென்ஸ் பொருந்தும் வாய் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. ஒரே நிறுவனத்தில்கூடப் பழைய வகைக்கும் புதிய வகைக்கும் வேறு. உதாரணமாக, நிக்கானின் டி3500, டி5600 முதலிய காமிராக்களில் குவியத்தை இயக்கும் மோட்டார் கிடையாது. அதனால் மலிவாகக் கிடைக்கும் பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் அவற்றில் பொருந்துமே யன்றித் தானாகக் குவியாது. புதிய லென்ஸாயின் ஜி.எஸ்.டி. ரசீதும், இந்தியாவில் செல்லும் உத்தரவாதச் சீட்டும் கேளுங்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைகின்றது என்று இவற்றைக் கைவிட்டால், பழுது நேரும் நாளில் அதைவிட அதிகம் கொடுக்க நேரும்.

பழைய லென்ஸ் வாங்குவது கௌரவக் குறைவு அன்று. காமிரா உடல் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். லென்ஸ் நீண்ட காலம் உழைக்கும். கேனன் 1987 இல் புகுத்திய வாயமைப்பில் செய்த லென்ஸ்களை, 2018 இல் வந்த புதிய வகைக் காமிராவில் இணைப்பு வளையம் ஒன்றைக் கொண்டு இன்றும் பொருத்தலாம். பழையதை வாங்குமுன், கைபேசியின் விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் கண்ணை வைத்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள். துவாரத்தின் இதழ்கள்மீது எண்ணெய்ப் பசை கூடாது. அருகில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாகச் சில படங்கள் எடுத்து, கடையிலேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

பாதுகாப்பும் ஊருக்கு ஊர் வேறுபடும். மும்பை, கொல்கத்தா, கொச்சி முதலிய ஈரக் காற்றுள்ள ஊர்களில் வாழ்வோர் லென்ஸைத் தோலுறையில் அடைத்துப் பீரோவில் வைக்கக் கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு வைக்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்த வேண்டும். டில்லி, ஜெய்ப்பூர் வாசிகளுக்குப் பகை தூசி. வேட்டி நுனியாலோ புடைவைத் தலைப்பாலோ துடைத்தால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும். ரப்பர் ஊதுகுழலால் முதலில் ஊதிவிட்டுப் பின்னரே மெல்லிய துணியைத் தொட வேண்டும்.

அண்மையில் கல்லூரியில் சேர்ந்த எங்கள் மகளுக்குப் புதிய காமிரா ஒன்று வாங்கினோம். அவளும் மூன்று மாதம் கிட் லென்ஸிலேயே எடுத்து, ஐம்பது படங்களின் எண்களைத் தாளில் எழுதிக் கொண்டு வந்தாள். பெரும்பாலானவை 24ஐச் சுற்றியே இருந்தன. தன் விடுதி அறை, தோழியர் கூடியிருக்கும் உணவறை, எங்கள் சிறு அரசுக் குடியிருப்பின் சமையலறையில் அவள் தாய். தொலை ஜூமை விற்று வந்த பணத்தோடு சிறிது சேர்த்து 24 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். சமையலறையில் அவள் எடுத்த முதல் படத்தில் தாயும் இருக்கின்றாள். அடுப்பும், அலமாரியும், சுவரில் தொங்கும் நாட்காட்டியும் இருக்கின்றன. அரசுக் குடியிருப்பு நிரந்தரமன்று. ஓய்வு பெறும் நாளில் நாங்கள் காலி செய்துவிட வேண்டியதே.

நேயர்களும் கடைப்படி ஏறுமுன் வீட்டிலேயே அமர்ந்து, எந்த அறையை, யாருடைய முகத்தை, எவ்வளவு வெளிச்சத்தில் காத்து வைக்க விரும்புகின்றோம் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பார்களாக. அதற்கு விடை கிடைத்துவிட்டால், லென்ஸின் மீதுள்ள எண்ணைத் தேர்வது கடினமன்று.